கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சாரம் உடுத்திய கதை

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது எனக்கு மரியாதை. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சூடான காற்று வெளியே வந்தால், உள்ளே நிற்கவேண்டிய காற்று வீணாக ஒழுகிப் போகிறது என்று நம்பினேன். ஒழுகுகிற ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் எல்லாம் குளிர்ந்துவிடும் என்றும் நம்பினேன். சாமியைக்கூட நான் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை.

காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் இப்படி நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்தவன் நம்பியதுதான் பிரச்சினை. மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில்தான் என் வாலிபம் முழுக்கப் போனது. பெரிய விசிறிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். அந்தத் திமிரில் செய்த வேலையைத்தான் கனடாவில், வின்னிபெக்கிலிருந்து இப்போது எழுதுகிறேன். அது நடந்தபோது இங்கே மார்ச் மாதம். வெளியே பனி இடுப்பளவு. உள்ளே நான் ஒரு மெஷினைக் குளிரவைக்கப் போராடியிருக்கிறேன். கதவைத் திறந்து அதை வெளியே வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

2

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி சரோ, மகள் தர்ஷி. மெஷினையும் சேர்த்தால் நாலு. தர்ஷிக்குப் பதினெட்டு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் மட்டும். மற்றதெல்லாம் இங்கிலிஷ்தான். என் இங்கிலிஷைக் கேட்டால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், யாரோ பல் பிடுங்குகிற மாதிரி.

அவள் படம் செய்கிறாள். கார்ட்டூன் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள், அனிமேஷன் என்று சொல்லவேண்டும். மேற்குக் கரையில் ஒரு கல்லூரி. அதில் சேர வேண்டுமானால் சொந்தமாக ஒரு குட்டிப் படம் செய்து அனுப்பவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பன்னிரண்டு தாண்டினால் அந்த வருஷம் போச்சு.

பனி அள்ளுகிற லொறி ஒன்றுக்குப் பனியைக் கண்டாலே பயம். அதுதான் கதை. கேட்டவுடனே எனக்குப் பிடித்துப்போனது, ஆனால் வாயால் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு: "கார்ட்டூன் படிக்க அவ்ளோ தூரம் போகணுமா? இங்கயே நர்சிங் படியேன்." ரத்தோட்டையிலிருந்து வின்னிபெக் வரைக்கும் வந்தவன் தூரத்தைப் பற்றிப் பேசியது எனக்கே கேவலமாக இருந்தது. அவள் மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு கல்லூரிப் பேச்சை என் முன்னால் எடுப்பதே இல்லை.

லொறி, பனி, தெருவிளக்கு எல்லாம் அவள் வரைந்து முடித்தாயிற்று. அதற்கு ஒளியும் நிழலும் போட்டு, ஒவ்வொரு படமாக மெஷின் சமைத்து எடுக்கவேண்டும். அந்தச் சமையலைச் செய்வதுதான் கிராஃபிக்ஸ் கார்ட். கார்ட் என்றதும் கல்யாணக் கார்ட் மாதிரி ஒன்றை நினைத்திருந்தேன். வந்து சேர்ந்ததோ அரைத்த மாவு வைக்கிற டப்பா அளவில் ஒரு கறுத்த இரும்புக்கட்டி. அடியில் மூன்று விசிறி. வீடியோ கேம் விளையாடுகிற பணக்காரப் பிள்ளைகளுக்காகச் செய்தது. இரண்டு வருஷமாக ஒரு கடையில் கோப்பி ஊற்றி, தன் சொந்த உழைப்பில் வாங்கினாள்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் பள்ளிக்கூடக் குழுவோடு ஏரிக்கரை முகாமுக்குப் போனாள். வியாழன் சாயந்தரம்தான் திரும்புவாள். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தால், அவள் திரும்புகிற நேரத்துக்குப் படம் வெந்து முடிந்திருக்கும். கண்ணாடிக் கதவு வைத்த அந்தப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். மேலே இங்கிலிஷில் டோன்ட் டச். கீழே எனக்காகத் தமிழில்: "அப்பா தொடதே."

துணைக்கால் ஒன்றைக் காணோம். மற்றபடி நல்ல தமிழ்தான்.

"சத்தம் வந்தா?" என்று கேட்டேன்.

"வரும். விடுங்க."

"சுட்டா?"

"சுடும். விடுங்கப்பா. ப்ளீஸ்."

3

கொழுந்து வாட்டுவதைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. நீளமான தொட்டி. மேலே கம்பிவலை. வலைமேல் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும். தொட்டியின் ஒரு முனையில் ஆள் உயர விசிறி. அது ஊதுகிற காற்று வலைக்கு அடியில் புகுந்து, கொழுந்துக்கு ஊடாக மேலே ஏறவேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதில் பெரிய பாவம் ஒன்று உண்டு. கொழுந்து ஒரு இடத்தில் சரியாகப் பரவாமல் வலை தெரிந்தால் அதற்கு நாங்கள் சொட்டை என்போம். காற்றுக்குச் சோம்பல் அதிகம். லேசான வழி இருந்தால் அந்தச் சொட்டை வழியாகவே எல்லாம் போய்விடும். மற்ற இடத்துக் கொழுந்து காற்றில்லாமல் சூடேறிச் சிவந்து போகும். சிவந்த கொழுந்தைப் பார்த்தால், பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா எங்களைச் சிவக்க வைப்பார். அதனால் சொட்டையைக் கண்டால் உடனே மூடவேண்டும். பலகை இடுக்கில் காற்று ஒழுகினால் சாக்கு திணிக்கவேண்டும். ஒழுகலைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி கொளுத்தித் தொட்டி ஓரமாகக் கொண்டுபோவோம். எங்கே புகை வளைகிறதோ அங்கே ஓட்டை. கொழுந்து சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையை உள்ளே விடுவோம்.

நானும் செல்வராசும் இந்த வேலையில் ஜோடி. அவன் இப்போது ரத்தோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். கொழும்பிலிருந்து வருகிறவர்களை ரிவர்ஸ்டனுக்கு ஏற்றிக்கொண்டு போய், மூடுபனிக்குள் நிறுத்திப் படம் எடுத்துவிடுகிறான். எங்கள் ஊர்ப் பனி இடுப்பளவுக்கு ஏறாது. முகத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடும்.

4

எனக்குப் புதன்கிழமை பாண் கொம்பனியில், அதாவது ரொட்டி சுடுகிற இடத்தில், பின்னேர வேலை. காலையில் வீட்டில் நான் மட்டும். சரோ வேலைக்குப் போய்விட்டாள். கோப்பியோடு மாடிக்கு ஏறினேன். எட்டிப் பார்க்கத்தான். தொடுவதற்கு இல்லை.

மூன்று விசிறியும் ஒரே சீராக இரைந்தன. திரை மூலையில் அறுபத்தெட்டு என்று ஒரு எண். சூட்டின் அளவு என்று பக்கத்தில் வரைந்திருந்த குட்டிப் படம் சொன்னது. அறுபத்தெட்டு! மனுஷனுக்கு முப்பத்தெட்டு வந்தாலே குளிசை போடுகிறோம்.

என்னதான் இருந்தாலும் பழைய தொழில் கையை விட்டுப் போகாது. கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். புறங்கையைக் கார்டின் முதுகில் வைத்தேன். வைத்த வேகத்திலேயே எடுத்தேன். கையில் கோப்பியும் இருந்ததால் கோப்பி வேறு இடத்துக்குப் போனது. நல்லவேளை, மெஷினுக்குள் போகவில்லை, என் கால்சட்டைக்குள் போனது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கார்டின் வால் பக்கத்தில், மேலே, ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருந்தன. மற்ற இடத்திலெல்லாம் தகடுக்கு மேலே பலகை இருக்கிறது, இரும்பு மூடி இருக்கிறது. இங்கே ஒன்றுமே இல்லை. விசிறி கீழேயிருந்து ஊதுகிறது. காற்று தகடுக்கு ஊடாக ஏறி அந்த ஓட்டையால் குபுகுபுவென்று வெளியே போகிறது. அடியில் விசிறி, நடுவில் வலை, மேலே காற்று. அச்சு அசலாக எங்கள் தொட்டி!

அதில் ஒரு சொட்டை!

 காசு வாங்கிக்கொண்டு முக்கால் கார்டை விற்றிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காற்று முழுக்க இந்தச் சொட்டையால் போகிறது. மற்ற இடம் வேகிறது. என் பிள்ளையின் லொறி உள்ளே சிவந்துகொண்டிருக்கிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் எதையும் செய்கிற ஆளில்லை நான். சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்திக்கொண்டு வந்தேன். புகை சொட்டைக்கு மேலே போனதும் சுழன்று கூரைக்கு ஏறியது. பெட்டியின் பின்பக்கத்திலும் வளைந்தது. இரண்டு ஓட்டை! வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது.

வலது கையில் ஊதுபத்தி, இடது கையால் துவாயை அலாரத்துக்கு விசிறிக்கொண்டு, நனைந்த கால்சட்டையோடு கட்டிலின் மேல் ஆடினேன். அந்த ஆட்டத்தின் நடுவில்தான், துவாயைத் தோளில் போட்டுவிட்டு, செல்வராசுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே அவன் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான்.

"என்னாடா மச்சான், வீட்ல பூசையா?"

"பூசையில்ல. மகளோட மெஷின் வேகுது. இங்க பாரு, சொட்டை!"

போனை ஓட்டைக்குக் கிட்டப் பிடித்தேன். செல்வராசு சோற்றுக் கையோடு முகத்தைத் திரைக்குள் விட்டான். அவனும் தொழில் தெரிந்தவன்தானே.

"அடப்பாவி! இப்புடியா வுட்டு வச்சிருக்கானுங்க? காத்து பூரா போகுதேடா!"

"அதான் கேக்குறேன். மூடிறவா?"

"கேக்குற கேள்வியாடா இது? ஒனக்கு கனடா போயி பிஸ்ஸு புடிச்சிருச்சா? சாக்கு இருக்கா?"

"இங்க சாக்குக்கு எங்க போறது?"

"அப்ப சாரத்த எடு. நாலா மடி. நல்லா இறுக்கித் திணி, மேலோட்டமா போடாத."

"மக தொடாதன்னு எழுதி ஒட்டியிருக்காடா."

"சின்னப் புள்ளைங்களுக்கு காத்தப் பத்தி என்னா தெரியும்?"

இந்த ஒரு வசனத்துக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதைக் கேட்டு நானும் தலையாட்டினேன், என்னையும் மன்னிக்கவில்லை.

வீட்டில் இடுப்பில் கட்டுகிற என் நீலக் கட்டம் போட்ட சாரத்தை நாலாக மடித்துச் சொட்டைக்குள் திணித்தேன். பெட்டியின் பின் ஓட்டையைத் துவாயால் அடைத்தேன். கண்ணாடிக் கதவைப் பூட்டினேன். புறங்கையை வெளியே பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்று ஒழுகவில்லை.

"ஹரிடா, சரியாப் போச்சு. இப்ப பாரு குளிரும்," என்றான் செல்வராசு.

5

எழுபத்திரண்டு.

"கொஞ்சம் பொறு. ஆரம்பத்துல ஏறித்தான் எறங்கும்."

எழுபத்தொன்பது. விசிறிகளின் சத்தம் மாறியது. இரைச்சல் போய் ஊளை வந்தது.

"அது நல்லதுடா, வேகம் புடிக்குது."

எண்பத்தாறு. திரையில் ஒவ்வொரு படமாக வந்துகொண்டிருந்தது நொண்ட ஆரம்பித்தது. பனிக்குள் லொறி பாதி வந்து நின்றது. மீதிப் பாதி வரவில்லை. சூடு தாங்காமல் கார்ட் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது. சாகப்போகிறது என்று மட்டும் தெரிந்தது.

"மச்சான், ஏறுதுடா!"

"இன்னும் எங்கயோ ஒழுகுது. இன்னொரு சாரம் இருக்கா?"

இதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. மாத்தளை மாரியம்மாவுக்குத் தேங்காய் நேர்ந்தேன். கதவைத் திறந்து சாரத்தை இழுத்தேன். அது எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கார்டோடு சேர்ந்து ஏதோ அசைந்தது. கருகல் வாசம் மாதிரி ஒன்று மூக்கில் அடித்தது. ஊதுபத்தியாகவும் இருக்கலாம். அலாரம் இன்னும் கத்துகிறது. போனுக்குள்ளிருந்து செல்வராசு "இழுக்காதடா, இழுக்காத" என்று கத்துகிறான். நான் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லாம் நின்றது. அலாரம்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. அவ்வளவு அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

"டேய்," என்றான் செல்வராசு மெதுவாக. "நிப்பாட்டிட்டியா?"

"ஆமா."

"நிப்பாட்டலாமா அத?"

பெட்டி ஆறட்டும் என்று விட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகிப் பொத்தானை அமுக்கினேன். உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. திரை கறுப்பு. கார்டின் விசிறிகள் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். கறுப்பு. எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்காதீர்கள். விரல் நகம் வெளுத்துப்போகும்வரை.

6

கார்ட் செய்த கொம்பனிக்குப் போன் பண்ணினேன். இந்த நாட்டில் எந்தத் துக்கத்துக்கும் முதலில் ஒன்றை அமுக்கவேண்டும், பிறகு நாலை. நான் அமுக்கின அவசரத்தில் ஒருதடவை பிரெஞ்சுக்குள் போய் விழுந்து, தப்பி வெளியே வந்தேன்.

கடைசியில் ஒரு பொம்பளைப்பிள்ளை இனிமையாகப் பேசினாள். பதற்றம் வந்தால் எனக்கு இங்கிலிஷ் போய்விடும். தமிழில் நினைத்து அப்படியே இங்கிலிஷில் கொட்டுவேன். "என் மகளுடைய கார்டுக்குக் காய்ச்சல். இப்போது பேச்சு மூச்சில்லை" என்று சொல்லியிருக்கிறேன். அவள் பதறிப்போய் அம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டாள். பிள்ளைக்கு இல்லை, கார்டுக்கு என்றேன். 

பிறகு பொருள் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள்.

"மகள் பெயரில்."

"வயது?"

"பதினெட்டு."

"அப்படியானால் அவர்தான் பேசவேண்டும், சேர். அவருடைய சம்மதம் இல்லாமல் உங்களோடு இதைப்பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை."

"நான் அவளுடைய அப்பா."

"புரிகிறது, சேர்."

ஊரில் அவளுடைய பிறப்புப் பதிவிலிருந்து தடுப்பூசிவரை எல்லாவற்றுக்கும் நான்தான் கையெழுத்து வைத்தேன். இங்கே வந்தும் பள்ளிக்கூடச் சுற்றுலா, பல் டாக்டர், நூலகம் என்று எங்கே தாளை நீட்டினாலும் வைத்தேன். எந்த நாளில் அது முடிந்துபோனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு போன் கோலில் சொல்லிவிட்டார்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

7

சரோ வேலையிலிருந்து வந்தாள். மாடி, ஊதுபத்திச் சாம்பல், தொங்குகிற சாரம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கமாட்டீங்களே?"

"கேளு."

"வேணும்னு செஞ்சீங்களா?"

"என்னாது?"

"அவ போறது ஒங்களுக்குப் புடிக்கலல்ல."

வழக்கமாக எதற்கும் எனக்கு ஒரு பகிடி வாயில் இருக்கும். அன்றைக்குக் கத்தல்தான் வந்தது.

"பைத்தியமா நீ? சொட்டைன்னு நெனச்சேன்டி. சொட்டை!"

"நான் நம்புறேன்," என்றாள். "அவ நம்பணுமே."

வேலைக்குப் போனேன். பாண் அச்சிலிருந்து பாண் விழுந்தது, நான் அடுக்கினேன். சுட்ட பாணை ஆறவைக்கப் பெரிய விசிறிகள் ஓடுகின்றன அங்கே. வருஷக்கணக்காக அதற்குக் கீழேதான் நிற்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்தேன்: சூட்டை வாங்கிய காற்று எங்கே போகிறது? சுவரில் ஒரு பெரிய வாய் வைத்திருக்கிறார்கள், அதால் வெளியே போகிறது. அதைச் சாரத்தால் அடைத்தால் என்ன ஆகும்? பாண் புழுங்கும். அந்த இடத்திலேயே, கையில் இரண்டு பாணோடு, எனக்கு விளங்கிவிட்டது. கொழுந்துத் தொட்டியில் சூட்டை வெளியேற்றுவதா எங்கள் வேலை? ஈரத்தை எடுப்பது. தொட்டிக்கு மேலே திறந்த மாடி, திறந்த ஜன்னல். காற்று போக இடம் இருந்துகொண்டே இருந்தது. அதனால் அதைப்பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. இங்கே அந்தப் போகிற வழியைத்தான் நான் சொட்டை என்று மூடியிருக்கிறேன்.

விளங்கி என்ன? விளங்கினதற்காக ஒரு கார்ட் உயிர்த்துவிடுமா?

வியாழன் முழுக்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. முகாமுக்குப் போன் பண்ணலாம் என்று சரோ சொன்னாள். பண்ணி என்ன சொல்வது? அவள் அங்கிருந்து பறந்து வரமுடியாது. இரண்டு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். பயத்தில் சொன்னதுதான், பாசம் மாதிரி கேட்டது.

8

தர்ஷி வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றியபடியே என் முகத்தைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், ஓடினாள்.

நான் பின்னால் போனேன்.  அவள் கண்ணாடிக் கதவைக் கழற்றி, கார்டில் மாட்டியிருந்த துணியின் நுனியைப் பிடித்தாள்.

"வாட் இஸ் திஸ்?"

"சாரம்."

"யாரோட?"

"என்னோட."

அதை ஒவ்வொரு மடிப்பாக, எதுவும் அறுந்துவிடாமல், மெதுவாக வெளியே எடுத்தாள்.  நான் சொன்னேன், எல்லாவற்றையும். தொட்டி, சொட்டை, புறங்கை, ஊதுபத்தி, செல்வராசு மாமா. சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பைத்தியக்காரன் வாக்குமூலம் மாதிரிக் கேட்டது.

"அப்பா, அது ஓட்டை இல்ல," என்றாள். "அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. போர்டைச் சின்னதா வெட்டி, காத்து நேரா மேல போக வழி விட்டிருக்காங்க. அதுதான் இந்தக் கார்டிலேயே கிளெவரான பார்ட்."

விரலால் காட்டினாள். சிப்புக்கு மேலே தட்டையாக ஒரு செம்புப் பெட்டி, அதற்குள் கொஞ்சம் தண்ணீர். சிப் சுட்டதும் தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு தகடுகளுக்கு ஓடும். தகடைக் காற்று ஆற்றினதும் ஆவி திரும்பத் தண்ணீராகி வந்த வழியே வரும். மறுபடி சுடும், மறுபடி ஓடும். ஒரு துளி வெளியே சிந்தாது. இவ்வளவும் ஒரு விரல் தடிப்புக்குள். அழுகையை அடக்கத்தான் அவள் விளக்கம் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவள் அழுதுவிடுவாள்.

கார்டுக்கு மின்சாரம் கொடுக்கிற தடித்த வயர் பாதி கழன்று நின்றது. நான் சாரத்தை இழுத்தபோது அது அசைந்திருக்கிறது. அவள் அதை 'டிக்' என்று உள்ளே அமுக்கிவிட்டு, பொத்தானைத் தட்டினாள். திரை வந்தது. மூன்று விசிறியும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன.

"நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று கத்தினேன்.

"வேலை இல்லாட்டி நிக்கும்பா. சூடு இல்லாட்டி சுத்தத் தேவை இல்ல." சாரத்தை ஒரு பக்கம் போட்டுவிட்டுச் சொன்னாள்: "சில பேருக்கு அது தெரியாது."

கார்ட் சாகவில்லை. வெந்து முடிந்த படங்களும் அழியவில்லை, ஒவ்வொன்றும் அது அதுவாகச் சேமித்திருந்தது. ஆனால் கடைசிக் காட்சி ஒன்றுமே இல்லை. பனி கொட்டுகிற காட்சி. லொறி முதன்முதலாகப் பனிக்குள் இறங்குகிற இடம். ஒவ்வொரு பனித்துண்டுக்கும் வெளிச்சம் போடவேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் பாரமான வேலை. அவள் விரலை மடித்துக் கணக்குப் போட்டாள். வெள்ளி மத்தியானத்துக்குள் முடியாது. பாதிகூட முடியாது.

"நான் கல்லூரிக்கு எழுதுறேன்," என்றேன். "அப்பன் பண்ணின பிழைன்னு எழுதுறேன். ரெண்டு நாள் தரமாட்டாங்களா?"

"வேணாம்."

"போன் பண்ணவா?"

"அப்பா." திரும்பி என்னைப் பார்த்தாள். "எதையும் தொடாதீங்க. அவங்களையும்."

சரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். யாரும் குடிக்கவில்லை. நான் எழும்பிப் போகப் பார்த்தபோது, தர்ஷி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க வேணும்னு செஞ்சீங்களா?"

அம்மாவும் மகளும் கலந்து பேசியிருக்க நேரமே இல்லை. இருவருக்கும் தானாகவே வந்த கேள்வி. அதுதான் என்னைக் கொன்றது.

"இல்ல தங்கம். சத்தியமா இல்ல."

"நான் போறது உங்களுக்கு விருப்பமா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல," என்றேன். "ஆனா அதுக்காக இல்ல. காத்து ஒழுகுதுன்னுதான் நெனச்சேன்."

அவள் ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். பிறகு "ஓகே" என்றாள்.

இந்த நாட்டில் ஓகேக்கு எத்தனையோ அர்த்தம். நம்பினேன் என்பதும் ஓகே. பேச்சை முடி என்பதும் ஓகே. இவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

9

படம் வெள்ளிக்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிக் காட்சியை ஒளியில்லாமல், நிறமில்லாமல், சாம்பல் உருவங்களாகவே வைத்து அனுப்பினாள். "இது முடிக்கப்படாதது" என்று அதில் ஒரு வரி போட்டாள். ஏன் முடியவில்லை என்று போடவில்லை.

மே மாதம் பதில் வந்தது. அவளை எடுக்கவில்லை. காரணம் எழுதவில்லை. அந்தச் சாம்பல் காட்சிக்காகவா, வேறு நல்ல படங்கள் வந்ததற்காகவா என்று கேட்க வழி இல்லை. கேட்டாலும், அவளுடைய சம்மதம் இல்லாமல் எனக்குச் சொல்லமாட்டார்கள்.

செல்வராசு போன் பண்ணி அழுதான். சோற்றுக் கையோடு புத்தி சொன்னது தன் பிழை என்றான். விடுடா என்றேன்.

தர்ஷி நர்சிங்குக்குப் போகவில்லை. கோப்பிக் கடையில் முழுநேரம் வேலை செய்கிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். என் பகிடிக்குச் சிலநேரம் சிரிக்கவும் செய்கிறாள். அடுத்த வருஷத்துக்கு வேறு ஒரு படம் செய்கிறாள். என்ன கதை என்று எனக்குத் தெரியாது. மெஷினை ஜூன் மாதம் சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். காரில் ஏற்ற நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.